ஐஸ்பெட்டிக்காரன் எழுதிய நாவல்

நாவலுக்குப் பரிசு கிடைத்தது. பரிசளிப்பு மேடையில் பணம் போட்டவர்கள் எல்லாரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். எழுதியவன் மனைவி கீழே, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நடந்த தப்பு இதுதான். மற்றதெல்லாம் இது எப்படி நடந்தது என்கிற கதை.

சின்ன காஞ்சிபுரத்தில் எனக்கு ஒரு பிரஸ். கல்யாணப் பத்திரிகை, காரியப் பத்திரிகை, பட்டுக்கடைக்கு பில் புக்கு என்று ஒழுங்காகத்தான் பிழைத்துக்கொண்டிருந்தேன். ஊர்ப் பணத்தில் நாவல் போடுகிற வேலை வயதான காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. ஒருத்தர் எழுதுவார், நாலு பேர் முன்பணம் போடுவார்கள், புத்தகம் வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை என்றால் ஒரு பெண் வீடு, ஒரு மாப்பிள்ளை வீடு. இந்தத் தொழிலில் பணம் போட்ட அத்தனை பேரும் மாப்பிள்ளை வீடு.

நீங்களும் புத்தகம் போட்டு அவதிப்பட்டவர் என்றால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். இல்லையென்றால் போய் வேலையைப் பாருங்கள்.

வண்டியை எடு

ஸ்டீபனை எனக்கு முதலில் பிடிக்காது. அவனை இல்லை, அவன் வண்டியை. சாவு வீடுகளுக்கு ஐஸ்பெட்டி கொண்டுபோகிற குட்டியானை வண்டி அது. கண்ணாடி மூடி போட்ட பெட்டி பின்னால் படுத்திருக்கும். மாகறல் பக்கத்து ஊர்க்காரன். காரியப் பத்திரிகை அடிக்க வேண்டிய வீட்டுக்காரர்களை என்னிடம் அனுப்பிவைப்பான், அதனால் அவ்வப்போது வருவான். ஒருநாள் கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி பார்க்க ஒரு குடும்பம் வந்திருந்தது. வாசலில் அந்தப் பெட்டியைப் பார்த்த பெண்ணின் அம்மா, மாதிரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். அந்தக் குடும்பம் திரும்ப வரவில்லை.

"வண்டியை எடுடா" என்று கத்தினேன். அடுத்த தெருவில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தான். கையில் போன். ஒரு நாவல் எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னான், கடைசி அத்தியாயம்தான் பாக்கியாம். சாவு வீட்டு வாசலில், வண்டிக்குள் உட்கார்ந்து, போனிலேயே தட்டியதாம். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாலு பக்கம் படித்தேன். அப்புறம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மீதியையும் படித்தேன். "எப்படிடா இவ்வளவும் உனக்குத் தெரிஞ்சுது?" என்றேன். தலையைச் சொறிந்தான்.

"அழுவுறவங்க யாரும் பொட்டி தூக்குறவன பாக்க மாட்டாங்க சார். நான் எல்லாரையும் பாத்துக்கினு இருப்பேன்."

கொஞ்சம் கௌரவமாக

சென்னையில் இருக்கிற என் மருமகள் இணையத்தில் ஒரு பக்கம் போட்டு, இப்படி ஒரு நாவல் வரப்போகிறது, விருப்பமுள்ளவர்கள் முன்பணம் போடலாம் என்று எழுதினாள். நாவலுக்கு ஸ்டீபன் வைத்த பெயர் 'பெட்டி வந்தாச்சா'. சாவு வீட்டில் எல்லாரும் முதலில் கேட்கிற கேள்வி. பணம் வந்தது. பணத்தோடு ஆட்களும் வந்தார்கள்.

முதலில் வந்தவர் ரங்கநாதன் சார். சந்நிதித் தெரு. பாங்கில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் அத்தியாயத்தை வாங்கிப் படித்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார். சித்திரை வெயிலில், கரண்ட் போன ஒரு வீட்டில் ஆரம்பிக்கிறது நாவல். பெட்டி நின்றுபோகிறது. மகன் விமானத்தில் வந்துகொண்டிருக்கிறான். வாசலில் ஊதுவத்தி போதவில்லை. "இப்படியா ஓய் ஆரம்பிக்கறது? ஒரு கோபுரம், ஒரு மணிச் சத்தம், ஒண்ணும் கெடையாதா?" என்றார். செத்தவர் வீட்டில் எந்த மணி அடிக்கும் என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. குரலைத் தாழ்த்தினார். அப்போதுதான் அவர் கவலை எனக்குப் புரிந்தது.

"எம்பிள்ளை அமெரிக்காவுல இருக்கான் ஓய். எனக்கும் அந்தப் பெட்டிதான். அதனாலதான் சொல்றேன், கொஞ்சம் கௌரவமா எழுதச் சொல்லும்."

உபயம்

அடுத்தவர் நாகராஜு. காந்தி ரோட்டில் பட்டுக்கடை. வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், வாடிக்கையாளரைப் பொறுத்து ஆங்கிலம். மற்றவர்களைவிடக் கூடப் போட்டவர். அதை எனக்கு ஞாபகப்படுத்த மறந்ததே இல்லை. ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் 'உபயம்' என்று ஒருத்தர் பெயர் போட வேண்டும் என்றார். முதல் அத்தியாயமும் கடைசி அத்தியாயமும் அவருக்கு. அம்மா செத்துக் கிடக்கிறாள், மகள் அவள் காலில் விழுந்து அழுகிறாள், அதற்குக் கீழே பட்டுக்கடை பெயரா? முடியாது என்றேன். பணம் போட்டவர்கள் பெயரெல்லாம் புத்தகத்தின் கடைசியில் ஒரே அளவு எழுத்தில் வரும், அவ்வளவுதான் என்றேன்.

இந்த ஊரில் இது சாதாரணமாக முடிகிற விஷயம் இல்லை. யார் பெயர் முன்னால், யாருக்கு முதல் மரியாதை என்பதற்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் போன குடும்பங்கள் இங்கே உண்டு. நாகராஜு என் மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டே இருந்தார். ஸ்டீபனோ, "போட்டுக்கட்டும் சார், எனக்கு இன்னா வந்துது" என்று சிரித்தான். நான்தான் விடவில்லை. போகும்போது வாசலில் நின்று திரும்பினார்.

"கோயில்ல ட்யூப்லைட்டுமேல பேர் எழுதறோம், வெளிச்சம் தெரியலன்னாலும் பேரு தெரியுதே! உங்க புக்குக்கு மட்டும் இன்னா அவ்ளோ பெருமை?"

நான் இருக்கறனா?

கோவிந்தம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூக்கடைச் சத்திரத்தில் மாலை கட்டுகிறவள். சாமிக்கும் கட்டுவாள், சாவுக்கும் கட்டுவாள். ஸ்டீபன் பெட்டியை இறக்குகிற வீடுகளில் எல்லாம் அவள் மாலையும் வந்து இறங்கும், அந்தப் பழக்கம். வாய் என்றால் அது வாய். பூ வாங்க வந்தவர்களைப் பிடித்துவைத்து, "பொட்டிக்காரன் கதை எய்துறான், நீ ஒரு பங்கு போடு" என்று வாங்கிவிடுவாள். அவளும் போட்டாள். அத்தோடு விட்டாளா? பிரஸ்ஸைத் தாண்டும்போதெல்லாம் தலையை உள்ளே நீட்டி, "எய்தி முடிச்சானா? நான் இருக்கறனா அதுல?" என்று கேட்பாள். மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு மேல் கேட்கும். உங்களுக்கும் இப்படி ஒருத்தர் வாய்த்திருப்பார். எனக்கு வாய்த்தது இவள்.

இருந்தாள். அதுதான் சங்கடம். நாவலில் ஒரு மாலைக்காரி வருகிறாள். பெயர் வேறு, வாய் இவளுடையது. சாவு மாலையில் நேற்று மீந்த பூவைச் சேர்த்துக் கட்டுகிறாள், கேட்டால் சண்டைக்கு வருகிறாள். கோவிந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஒருநாள் வந்து உட்கார்ந்துகொண்டாள், படித்துக் காட்டினால்தான் எழுந்திருப்பேன் என்றாள். வேறு வழியில்லாமல் படித்தேன். ஸ்டீபன் பின்னால் பேப்பர் கட்டுக்கு அந்தப் பக்கம் ஒளிந்து நின்றான். படித்து முடித்தேன். அவள் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குத் தள்ளினாள்.

"பொய் ஒண்ணும் எய்தலபா. செத்தவன் மோந்தா பாக்கப் போறான்? ஆனா எனக்கு மட்டும் புதுப்பூல போடணும்னு அவன்கிட்ட சொல்லிவையி."

சத்தம்

கடைசி அத்தியாயம் போனில் வந்து சேர்ந்தது. நான் எழுத்துக் கோத்து, பிழை பார்க்கத் தாள் எடுத்து வைத்துவிட்டு ஸ்டீபனுக்குக் காத்திருந்தேன். அவன் வரவில்லை.

ஓரிக்கைப் பக்கம் ஒரு வீட்டில் பெட்டியை இறக்கிவிட்டு வண்டியில் போய் உட்கார்ந்திருக்கிறான். நெஞ்சு நின்றுவிட்டது. கையில் போன். தலை குனிந்திருந்தது. வழக்கம்போல எதையோ தட்டிக்கொண்டிருக்கிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். சாயங்காலம் அந்த வீட்டுச் சடங்கு முடிந்து, பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லக் கண்ணாடியைத் தட்டியபோதுதான் தெரிந்தது. அதுவரைக்கும் அவனை யாரும் பார்க்கவில்லை.

அவன் வேலை பார்த்த இடத்துப் பையன்கள் அவன் வண்டியிலேயே அவன் பெட்டியைக் கொண்டுவந்து அவன் வீட்டில் வைத்தார்கள். பாஸ்டர் ஜெபம் பண்ணினார். ரங்கநாதன் சார் அந்தத் தெருவுக்குள் முதல்முறையாக வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார். கோவிந்தம்மா மாலையோடு வந்தாள். அன்றைக்கு அவள் வாயைத் திறக்கவில்லை. மாலையைப் போட்டுவிட்டுப் போய் ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். எல்லாம் புதுப்பூ, மல்லிகையில் ஈரம் இருந்தது. பெட்டி மட்டும் ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது. ஸ்டீபன் மனைவி ரோஸி, வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறவள், அழுது முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"கொஞ்ச நேரம் கரண்ட நிறுத்தச் சொல்லுங்க சார். வூட்டுக்கு வந்தா அவருக்கு இந்தச் சத்தமே ஆவாது."

எத்தனை நாற்காலி?

புத்தகம் வந்தது. ஒரு போட்டிக்கு அனுப்பினேன். திரும்பி வந்துவிட்டது. பதிப்பகம் போட்ட நாவலைத்தான் எடுப்பார்களாம், கைக்காசு போட்டு அடித்ததை எடுக்கமாட்டார்களாம். கைக்காசு இல்லை ஐயா, ஊர்க்காசு என்றேன். அது அதைவிட மோசமாம். சென்னையில் எனக்குத் தெரிந்த பதிப்பாளர் ஒருத்தர், "கல்யாணத்துக்கு மொய், காரியத்துக்கு மொய், இப்ப நாவலுக்கும் மொய்யா?" என்று சிரித்தார். போனை வைத்துவிட்டேன். இதையெல்லாம் கேட்க ஸ்டீபன் இல்லை என்பது ஒன்றுதான் அன்றைக்கு எனக்கு ஆறுதல்.

இன்னொரு அமைப்பு எடுத்துக்கொண்டது. பணம் யாருடையது என்று கேட்கவில்லை, நாவலைப் படித்தார்கள். கடைசிச் சுற்றுக்கு வந்தது. பிறகு பரிசே கிடைத்தது. பணம் போட்டவர்களுக்காக மருமகள் ஆரம்பித்து வைத்திருந்த வாட்ஸப் குழுவில் அன்றைக்குப் பட்டாசுப் படமாக வந்து கொட்டியது. 'நம்ம நாவல் ஜெயிச்சாச்சு.' 'நம்ம நாவலுக்குப் பரிசு.' நானும் மேலிருந்து கீழே வரை தள்ளிப் பார்த்தேன். ஸ்டீபன் என்ற பெயர் ஒரு இடத்திலும் இல்லை. 'எழுதியவன் பெயர் ஸ்டீபன்' என்று போட்டேன். அதற்கும் ஒரு பட்டாசு வந்தது.

அந்த அமைப்பில் ஒரு நல்ல வழக்கம், எழுதியவர் ஊருக்கே வந்து பரிசைக் கொடுப்பார்கள். எழுதியவர் உயிரோடு இல்லாவிட்டால் குடும்பமோ பதிப்பாளரோ வாங்கிக்கொள்ளலாம். பதிப்பாளர் யார் என்று கேட்டு அங்கிருந்து ஒரு பெண் போன் பண்ணினாள். ஊர்தான் என்றேன். அது விதியில் இல்லை என்றாள். பெயர் அச்சாகியிருக்கிறவர்கள் எல்லாருமே பதிப்பாளர்தான் என்று நாகராஜு அவளுக்குத் தனியாகப் போன் பண்ணிச் சொல்லிவிட்டார். மண்டபமும் அவர் உறவுக்காரருடையது, வாடகை வேண்டாம் என்று வேறு சொல்லிவிட்டார். அந்தப் பெண் திரும்ப என்னைக் கூப்பிட்டாள். பாவம், குரலே இறங்கிவிட்டது.

"அது சரி சார், மேடையில மொத்தம் எத்தனை நாற்காலி போடணும்?"

கூடை

விழாவன்று சீக்கிரமே போனேன். மேடையில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நாற்காலி. பட்டு வேட்டி, பட்டுப் புடவை, எல்லாரும் குடும்ப விசேஷம் மாதிரி வந்திருந்தார்கள். ஓரத்தில் ஒரு ஸ்டூலில் ஸ்டீபன் படம். குத்துவிளக்கு வைக்க இடம் போதாமல் படத்தை இன்னும் கொஞ்சம் ஓரம் தள்ளினார்கள்.

ரோஸி வந்தாள். வாசலில் சந்தனம் கொடுக்கிற பெண்ணுக்கு அவளை யாரென்று தெரியவில்லை. கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். நான் மேடைக்குப் போய் ரங்கநாதன் சாரிடம், "அந்தப் பொண்ணு கீழ உக்காந்திருக்கு" என்றேன். அவர் பார்த்தார். நெளிந்தார். "படம் மேல இருக்கே ஓய், குடும்பத்துக்கு அதுதானே மரியாதை. இப்போ யாரை எழுந்துக்கச் சொல்றது?" என்றார். நாகராஜு, விழா முடிந்ததும் அவளுக்குத் தனியாகச் சால்வை இருக்கிறது என்றார். சத்தம் போட்டேன். மைக்கு என்னிடம் இல்லை. நாதஸ்வரத்தை வேறு ஆரம்பித்துவிட்டார்கள். திரும்பி வந்து ரோஸி பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள்தான் என்னைச் சமாதானப்படுத்தினாள்.

"வுடுங்க சார். அவரும் எல்லா வூட்லயும் வாசல்லதான நிப்பாரு" என்றாள்.

நடுவர் வந்தார். வெள்ளை முடி, மெலிந்த மனுஷி. நாவலிலிருந்து ஒரு பக்கம் படித்தார். கரண்ட் போன வீடு. ரங்கநாதன் சார் வேண்டாமென்ற அதே பக்கம். ரோஸி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். படித்து முடித்து நடுவர் பரிசைக் கையில் எடுத்தார். முதலில் மாலை மரியாதை என்று மைக்கில் அறிவித்தார்கள்.

இந்த ஊரில் மாலை விழாமல் எந்தக் காரியமும் நகராது. மாலைக்குச் சொல்லியிருந்தது கோவிந்தம்மாவிடம். புத்தகத்தில் அவள் பெயரும்தான் அச்சாகியிருக்கிறது, ஆனால் அவளுக்கு மேடையில் நாற்காலி இல்லை, வேலைக்கு வந்தவள் ஆயிற்றே. கூடையைத் தூக்கிக்கொண்டு மேடைப்படி வரை வந்தாள். மேலே பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு படியிலேயே உட்கார்ந்து கூடையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"குடும்மா, நேரமாவுது" என்றார் நாகராஜு.

"இன்னா அவசரம்? பொட்டிக்காரன் பொண்டாட்டி எங்க?"

"அதெல்லாம் அப்புறம். நீ மாலைய குடு."

"நீ சொன்னியேன்னா கட்டுனேன்? அவனுக்குன்னு கட்டுனேன். விடியக்காலம் மார்க்கெட்டுக்குப் போயி நானே பொறுக்கி எடுத்த பூ. அவ மேல வராம கூடைய தொறக்க மாட்டேன். வேணும்னா நீ வந்து புடுங்கிக்கோ."

யார் புடுங்குவது? கோவிந்தம்மா வாய் ஊருக்கே தெரியும். நாதஸ்வரக்காரர் வாசிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் சீவாளியை வாயிலிருந்து எடுத்தார். நடுவர் பரிசைப் பிடித்தபடி, "எழுதியவர் மனைவி வந்திருக்காங்களா? எனக்கு யாருமே சொல்லலையே" என்றார். அவர் கையில் மைக்கு இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது. மேடையில் ஒவ்வொருத்தராகத் தரையைப் பார்த்தார்கள். ரங்கநாதன் சார் முதலில் எழுந்தார், தன் நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டுவிட்டுப் படியிறங்கிக் கீழே வந்தார்.

கோவிந்தம்மா அவரைப் பார்க்கவேயில்லை. கடைசி வரிசையைப் பார்த்துக் கத்தினாள். "ஏய் ரோஸி, ஏந்து வாடி! பொணத்துக்குப் போட்டுப் போட்டு எனக்குக் கையே மரத்துப் போச்சு. உசுரோட இருக்கறவ கழுத்துல ஒண்ணு போட்டுக்கறேன்."

ரோஸி எழுந்தாள். படியருகே செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் நின்றாள், பிறகு ஏறினாள். நாற்காலியில் உட்காரவில்லை. கோவிந்தம்மா முதல் மாலையை ஸ்டீபன் படத்துக்குப் போட்டாள், அடுத்ததை அவளுக்குப் போட்டாள். பரிசைக் கையில் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். ரோஸி மைக்கைப் பார்த்தாள். ஸ்டீபன் படத்தைப் பார்த்தாள். நாவலை அவளும் படித்திருக்கிறாள். கழுத்திலிருந்த மாலையை மூக்கருகே கொண்டுபோனாள்.

"புதுப்பூதான்" என்றாள்.

எழுதியது ஸ்டீபன், அச்சடித்தது நான், பணம் போட்டது ஊர், பரிசு கொடுத்தது எங்கிருந்தோ வந்த நல்லவர்கள் என்றாலும், அது சேர வேண்டிய கையில் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம், நாவலில் நேற்றைய பூவைக் கலந்து விற்று எல்லாரிடமும் ஏச்சு வாங்குகிற கோவிந்தம்மா.